பட்டினி டயட்டா, தட்டில் ஒரு கரண்டி குறைவா?

எடையைக் குறைத்தே ஆக வேண்டும் என்று முடிவெடுக்கும் இரவில் மனசு இரண்டு பக்கமும் இழுக்கும். நாளை காலையிலிருந்து வாயைக் கட்டிவிடலாம், ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு சூப்பிலும் பழச்சாற்றிலும் ஓட்டிவிட்டால் எட்டு பத்து கிலோ போய்விடும் என்பது ஒரு பக்கம். இப்போது சாப்பிடுவதையே அளவைக் குறைத்துச் சாப்பிடப் பழகலாம் என்பது இன்னொரு பக்கம். முதலாவதைச் சொல்லும்போதே உற்சாகம் வரும். இரண்டாவதைச் சொல்லும்போதே சலிப்புத் தட்டும். அதனால்தான் நம்மில் பலர் முதலாவதில் தொடங்குகிறோம். நானும் இரண்டு முறை அப்படித்தான் தொடங்கினேன். இரண்டு முறையும் எடை குறைந்தது. இரண்டு முறையும் ஒரு வருடத்துக்குள், குறைந்ததற்கு மேலேயே திரும்பி வந்தது. மூன்றாவது முறைதான் அளவைக் குறைக்கும் வழிக்கு வந்தேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருத்துவக் காரணம் ஏதும் இல்லாத பெரும்பாலானவர்களுக்கு, அளவைக் குறைக்கப் பழகுவதுதான் நல்லது. ஆனால் அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணத்தை நான் சொல்லப் போவதில்லை. “வேகமாக இறங்கினால் வேகமாக ஏறும், மெதுவாக இறங்கினால் அப்படியே நிற்கும்” என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சோதித்துப் பார்த்தபோது அப்படி வரவில்லை.

வேகத்தின் மேல் போடும் பழி

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் உடல்பருமன் உள்ள 200 பேரை இரண்டாகப் பிரித்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். அதன் முடிவு 2014-இல் வெளியானது. ஒரு பிரிவினர் மிகக் குறைந்த கலோரி உணவில் 12 வாரங்களில் எடையைக் குறைக்க வேண்டும். மற்றவர்கள் 36 வாரங்கள் எடுத்துக்கொண்டு மெல்லக் குறைக்க வேண்டும். இலக்கு இருவருக்கும் ஒன்றுதான்: உடல் எடையில் குறைந்தது 12.5 சதவீதம். வேகமாகப் போனவர்களில் நூற்றுக்கு 81 பேர் இலக்கைத் தொட்டார்கள். மெதுவாகப் போனவர்களில் பாதிப் பேர்தான் தொட்டார்கள். அப்புறம், இலக்கைத் தொட்டவர்களை மேலும் 144 வாரங்கள் கவனித்தார்கள். இரண்டு பிரிவிலும் இழந்த எடையில் சுமார் 71 சதவீதம் திரும்பி வந்துவிட்டது.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு வருத்தமாகவே இருந்தது. நிதானமாகப் போனாலே போதும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு யோசித்துப் பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. 12 வாரமோ 36 வாரமோ, இரண்டுக்கும் முடிகிற தேதி ஒன்று இருந்தது. அந்தத் தேதிக்குப் பிறகு மனிதர் தன் பழைய தட்டுக்குத்தான் திரும்பிப் போகிறார். எத்தனை வேகத்தில் இறங்கினோம் என்பதைவிட, இறங்கிய பிறகு எந்தத் தட்டில் வந்து உட்காருகிறோம் என்பதுதான் எடையைத் தீர்மானிக்கிறது. பட்டினி டயட்டையும் அளவுச் சாப்பாட்டையும் நான் இந்த ஒரு கண்ணோட்டத்தில்தான் ஒப்பிடுகிறேன்.

முதல் வாரம் ஏன் அவ்வளவு இனிக்கிறது

பட்டினி டயட்டின் பெரிய பலம் அதன் முதல் வாரம். ஏழு நாளில் மூன்று கிலோ குறைந்ததாக எடை மெஷின் காட்டும்போது வரும் சந்தோஷம் சாதாரணமானதல்ல. அந்த மூன்று கிலோவில் என்ன இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி சேமிப்பாக இருக்கிறது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவை, அவர் 800 மட்டும் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 1,200 குறைவு, வாரத்துக்கு 8,400. அது முழுவதும் கொழுப்பிலிருந்தே எடுக்கப்பட்டாலும் ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமாகத்தான் கரைந்திருக்கும். மீதி இரண்டு கிலோ பெரும்பாலும் தண்ணீர். கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற வடிவில் மாவுச்சத்து சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. சுமார் அரை கிலோ வரை இருக்கும். ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டை நிறுத்தினால் முதலில் காலியாவது இந்தச் சேமிப்புதான், தண்ணீரும் கூடவே போய்விடும். வழக்கம்போல் சாப்பிட ஆரம்பித்த இரண்டு மூன்று நாளில் அது அப்படியே திரும்பும். அன்றைக்கு “ஒரே ஒரு நாள் சாப்பிட்டதற்கு இரண்டு கிலோ ஏறிவிட்டதே” என்று மனசு உடைந்து போகிறவர்கள் ஏராளம். ஏறியது கொழுப்பே இல்லை. முதல் வாரத்து மகிழ்ச்சிக்கும் இந்தத் துக்கத்துக்கும் காரணம் ஒரே தண்ணீர்தான்.

தண்ணீரோடு போனால் பரவாயில்லை, தசையும் போகிறது. எந்த வழியில் எடை குறைந்தாலும் கொஞ்சம் தசை குறையத்தான் செய்யும். புரதமும் இல்லை, உடலுழைப்பும் இல்லை, வெறும் சாறு மட்டும் என்றால் அந்தப் பங்கு கூடிவிடும். இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக்கொத்தாக உதிரும்போது, அதையும் டயட்டையும் சேர்த்துப் பார்க்கவே பலருக்குத் தோன்றுவதில்லை. பித்தப்பைக் கல்லும் அப்படித்தான். உணவில் கொழுப்பு மிகவும் குறைந்தால் பித்தப்பை சுருங்கித் தன்னைக் காலி செய்துகொள்ளாது. இன்னொரு பக்கம், கரையும் உடல் கொழுப்பால் பித்தநீரில் கொலஸ்ட்ரால் கூடும். வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் தொடர்ந்து குறைந்தால் கல் உருவாகும் ஆபத்து தெளிவாக உயர்கிறது. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் தரம் குறைந்த புரதத் திரவத்தை மட்டுமே குடித்து எடை குறைக்கும் வழக்கம் பரவியது. அதைப் பின்பற்றியவர்களில் பலர் இதயத்துடிப்பு தாறுமாறாகி இறந்தே போனார்கள்.

பசி வந்தால் பத்தும் பறக்கும்

பட்டினி மனசை என்ன செய்கிறது என்பதற்கு, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944–45-இல் ஆன்செல் கீஸ் நடத்திய பரிசோதனையைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை. போரில் பட்டினி கிடந்தவர்களை எப்படித் தேற்றுவது என்று தெரிந்துகொள்வதற்காக 36 ஆரோக்கியமான இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். 24 வாரங்கள் அவர்களுக்குக் கிடைத்தது சராசரியாக நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி. இன்றைய பட்டினி டயட்டுகள் பலவற்றில் கிடைப்பதைவிட இது அதிகம் என்பதைக் கவனியுங்கள். அவர்கள் வாரந்தோறும் நிறைய நடக்கவும் வேண்டியிருந்தது. உடல் எடையில் கால் பங்கு குறைந்தது. ஆனால் அதற்கு முன்பே மனிதர்கள் மாறிவிட்டார்கள். எப்போதும் சாப்பாட்டைப் பற்றியே பேச்சு. சமையல் புத்தகங்களைச் சேகரித்து வாசித்தார்கள். சிடுசிடுப்பு, சோர்வு, யாரோடும் ஒட்டாத தனிமை. பரிசோதனை முடிந்த பிறகும் வயிறு நிறைந்த உணர்வே இல்லாமல், சிலர் ஒரு நாளில் 5,000 கலோரிக்கு மேல் சாப்பிட்டார்கள். திரும்பி வந்த கொழுப்பு பழைய அளவையும் தாண்டிச் சென்றது.

டயட்டின் நான்காவது வாரத்தில் அடுத்தவர் சாப்பிடுவதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் எனக்கு உண்டு. வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். என் மனவுறுதிதான் போதவில்லை என்று நினைத்துக் கூசிப்போனேன். அது உறுதிக்குறைவு இல்லை, பசி தன் வேலையைச் செய்தது என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். உங்களுக்கு அப்படி நேர்ந்திருந்தால், தயவுசெய்து உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள்.

எடை குறைந்த பிறகும் உடல் விடுவதில்லை. 2011-இல் வெளியான மெல்போர்ன் ஆய்வொன்றில் 50 பேர் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் இருந்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் பசியைத் தூண்டும் ஹார்மோனான கிரெலின் முன்பைவிடக் கூடுதலாகவும், போதும் என்று சொல்லும் லெப்டின் குறைவாகவும் இருந்தன. பசியும் கூடவே இருந்தது. அமெரிக்க எடைக்குறைப்புப் போட்டித் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் பங்கேற்ற 14 பேரைக் கெவின் ஹாலின் குழு ஆறு ஆண்டுகள் கழித்து மீண்டும் பரிசோதித்தது. அவர்கள் சராசரியாக 58 கிலோ இழந்திருந்தார்கள். அதில் 41 கிலோ திரும்பியிருந்தது. ஓய்வில் இருக்கும்போது அவர்கள் உடல் செலவழித்த ஆற்றல், அந்த உடல்வாகுக்கு எதிர்பார்ப்பதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது.

மெதுவாகக் குறைத்தாலும் பசி கூடத்தான் செய்யும். உடல் எடையைக் காப்பாற்றவே பார்க்கும், எந்த வழியானாலும். ஆனால் அந்தக் கூடுதல் பசியோடு, எதையும் கற்றுக்கொள்ளாமல் பழைய தட்டின் முன்னால் உட்காருவது ஒன்று. பல மாதம் பழகிய தட்டின் முன்னால் உட்காருவது வேறு.

அளவைக் குறைப்பது என்றால் என்ன

“கொஞ்சமா சாப்பிடு” என்று சொல்வது சுலபம். எவ்வளவு கொஞ்சம்? இப்போது எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதே நமக்குச் சரியாகத் தெரியாது. எவ்வளவு முயன்றும் எடை குறையவில்லை என்று சொன்ன பத்துப் பேரை 1992-இல் ஆய்வு செய்தார்கள். சாப்பிட்டதில் ஏறத்தாழ பாதி அளவுதான் அவர்கள் எழுதி வைத்த கணக்கில் இருந்தது. பொய் சொல்லவில்லை, கண் அப்படித்தான் அளக்கும். அதனால் முதல் வாரம் எதையும் குறைக்க வேண்டாம் என்பேன். சமையலறைத் தராசு இருந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் ஒரே கிண்ணத்தால் அளந்து எழுதி வையுங்கள். எனக்கு அந்த ஒரு வாரம், இரண்டு பட்டினி டயட்டுகளும் சேர்ந்து கற்றுத் தராததைக் கற்றுத் தந்தது. நான் அதிகம் சாப்பிட்டது உணவு வேளைகளில் இல்லை. சமைக்கும்போது ருசி பார்த்ததும், மாலையில் பொட்டலத்திலிருந்து நேராகக் கொறித்ததும்தான்.

கண் முன்னால் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு சாப்பிடுவோம் என்பதைப் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பார்பரா ரோல்ஸ் பலமுறை காட்டியிருக்கிறார். 2002-இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரே உணவை 500, 625, 750, 1,000 கிராம் என்று வெவ்வேறு நாட்களில் பரிமாறினார்கள். அதிக அளவு வைத்த நாளில், குறைந்த அளவு வைத்த நாளைவிட 30 சதவீதம் அதிகமாகச் சாப்பிட்டார்கள். அளவு மாறியதைப் பாதிக்கும் மேற்பட்டோர் கவனிக்கக்கூட இல்லை. இது நமக்குச் சாதகமான செய்தி. கவனிக்காமல் கூட்ட முடியுமென்றால், அதிகம் கவனிக்காமல் குறைக்கவும் முடியும்.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி குறைத்தால் அது சின்னத் தட்டில் வைத்த பட்டினிதான். வயிறு பெரும்பாலும் உணவின் கன அளவைப் பார்க்கிறது, கலோரியைப் பார்ப்பதில்லை. எனவே எண்ணெய், சர்க்கரை, மாவுச்சத்து அடர்ந்த பகுதியில் ஒரு கரண்டியைக் குறைத்துவிட்டு, அந்த இடத்தைக் காய்கறியால் நிரப்ப வேண்டும். புரதம் உள்ள பகுதியில் கை வைக்கவே கூடாது. பசியைத் தாங்க வைப்பதும் தசையைக் காப்பதும் அதுதான். சாப்பாட்டுக்கு முன்னால் நீர்த்த காய்கறி சூப் ஒரு கிண்ணம் குடித்தவர்கள் அந்த வேளையில், சூப்பையும் சேர்த்து, சுமார் 20 சதவீதம் குறைவான கலோரியே எடுத்துக்கொண்டார்கள் என்று ரோல்ஸின் இன்னொரு ஆய்வு சொல்கிறது.

சிறிய தட்டை வாங்கினால் போதும் என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இதைப் பிரபலமாக்கிய ஆய்வாளரின் பல கட்டுரைகள் பின்னாளில் திரும்பப் பெறப்பட்டன. தட்டு மாற்றுவதால் தீங்கில்லை, ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம். எனக்கு உண்மையில் உதவியது வேறு. பாத்திரங்களைச் சாப்பிடும் இடத்தில் வைக்காமல் அடுப்பங்கரையிலேயே விட்டுவிட்டு, ஒரே முறை தட்டில் போட்டுக்கொண்டு வந்தேன். இரண்டாம் முறை வேண்டுமென்றால் எழுந்து போக வேண்டும். போதும் என்ற செய்தி குடலிலிருந்து மூளைக்குப் போய்ச் சேர இருபது நிமிடம் போல ஆகும். ஆற அமரச் சாப்பிட்டுவிட்டு அவ்வளவு நேரம் காத்திருந்தால், எழுந்து போகும் தேவை பல நாள் வராது. வந்தால், போய் எடுத்துச் சாப்பிடுங்கள். உண்மையான பசியோடு சண்டை போடுவது இந்த வழியின் நோக்கமே இல்லை.

என்ன சாப்பிடுகிறோம் என்பதும் இதில் கலந்திருக்கிறது. கெவின் ஹாலின் 2019 ஆய்வில் 20 பேர் இரண்டு வாரம் ஆலைகளில் அதிகம் பதப்படுத்தப்பட்ட உணவையும், இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவையும் வேண்டிய மட்டும் சாப்பிட்டார்கள். பரிமாறிய உணவில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் சமமாகத்தான் இருந்தன. அப்படியும் முதல் வகையில் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. அதை வேகமாகவும் சாப்பிட்டார்கள். பொட்டல உணவில் அளவைக் கட்டுப்படுத்த முடியவில்லை என்றால், அதில் உங்களைவிடப் பொட்டலத்தின் பங்கு பெரியது.

பொறுமையின் விலை

இந்த வழியின் குறை, இது மெதுவாகப் போகிறது என்பதே. அந்த மெதுவும் நாம் கணக்குப் போடுவதைவிட மெதுவானது. தினமும் 300 கலோரி குறைத்தால், 7,700 கணக்குப்படி ஒரு வருடத்தில் 14 கிலோ குறைய வேண்டும். நடப்பது அப்படி இல்லை. எடை குறையக் குறைய உடலின் செலவும் குறையும். ஹாலின் குழு 2011-இல் வெளியிட்ட கணக்கின்படி, நிரந்தரமாகக் குறைக்கும் ஒவ்வொரு 24 கலோரிக்கும் கடைசியில் ஒரு கிலோ குறையும். அதில் பாதி முதல் வருடத்திலும், ஏறக்குறைய முழுவதும் மூன்று வருடத்திலும். அதாவது 300 கலோரிக்கு முதல் வருடம் ஆறு கிலோ, மொத்தம் பன்னிரண்டு. பட்டினி டயட் இதை இரண்டு மாதத்தில் காட்டிவிடும். இந்தக் கணக்கு முன்கூட்டியே தெரியாததால்தான் பலர் எட்டாவது மாதத்தில் எடை நின்றுவிட்டதாக நினைத்துக் கைவிடுகிறார்கள். அதில் நிரந்தரமாக என்ற சொல்தான் கனமானது. அதைச் சுமக்க முடிகிற அளவுக்கு மட்டுமே குறையுங்கள். 300 முடியாவிட்டால் 150 போதும்.

வெளியில் சாப்பிடும் நாட்களில் அளவு நம் கையில் இருக்காது. அதனால் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போவதில்லை, அடுத்த வேளையைப் பட்டினியால் ஈடுகட்டப் பார்க்காத வரையில். டயட்டைப் பற்றியே எப்போதும் யோசிப்பவர்களையும் யோசிக்காதவர்களையும் வைத்து 1975-இல் செய்த பரிசோதனை ஒன்று இருக்கிறது. மில்க்ஷேக் குடிக்க வைத்த பிறகு ஐஸ்கிரீமைக் கொடுத்தால், சாதாரணமாகச் சாப்பிடுபவர்கள் குறைத்துக்கொண்டார்கள். கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ அதிகம் சாப்பிட்டார்கள். “இன்றைக்குத்தான் கெட்டுவிட்டதே” என்ற எண்ணம் எந்த உணவையும்விடக் கொழுப்பானது.

பட்டினி வழி சரியாக இருக்கும் இடம்

வேகமான எடைக்குறைப்பை முழுக்க ஒதுக்குவது நேர்மையாகாது. பிரிட்டனில் 306 பேரை வைத்து நடந்து 2017-இல் வெளியான டைரெக்ட் ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்கள் கலந்துகொண்டார்கள். சிகிச்சைப் பிரிவினர் மூன்றிலிருந்து ஐந்து மாதம் வரை நாளொன்றுக்குச் சுமார் 850 கலோரி கொண்ட முழுமையான சத்துத் திரவத்தில் இருந்தார்கள். ஒரு வருட முடிவில் அவர்களில் 46 சதவீதம் பேருக்கு நீரிழிவு மருந்தில்லாமலேயே அடங்கியது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 4 சதவீதம் பேருக்குத்தான். இவ்வளவு பெரிய பலன் முன்னால் இருந்தால், மருத்துவரோடு பேசி அந்த வழியை எடுப்பதில் தயக்கமே வேண்டாம். சில அறுவை சிகிச்சைகளுக்கு முன்பும் மருத்துவர்களே இதைக் கேட்பார்கள்.

ஆனால் அது இணையத்தில் கிடைக்கும் சாறு டயட் இல்லை. மருந்துகள் மாற்றப்பட்டன, ஆட்கள் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டார்கள். திரவ உணவு முடிந்த பிறகு வழக்கமான உணவைப் பல வாரங்களில் படிப்படியாக மீண்டும் சேர்த்தார்கள். அதாவது, வேகமாக இறங்கியவர்களும் கடைசியில் எவ்வளவு சாப்பிடுவது என்ற பாடத்துக்கு வந்துதான் ஆக வேண்டியிருந்தது. பட்டினி டயட் அந்தப் பாடத்தைத் தள்ளிப்போடலாம், ரத்து செய்ய முடியாது.

இன்சுலின் போடுகிறவர்கள், சர்க்கரை அல்லது ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் சாப்பாட்டைத் திடீரென்று குறைக்கக் கூடாது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், சிறுநீரகக் கோளாறோ பித்தப்பைக் கல்லோ உள்ளவர்கள் பட்டினி டயட் பக்கமே போகக் கூடாது. சாப்பிடுவதும் பிறகு குற்றவுணர்ச்சியில் வாந்தியெடுப்பதுமாக, அல்லது நாள்கணக்கில் சாப்பிடாமலே இருந்த காலம் ஒன்று உங்கள் வாழ்க்கையில் இருந்திருந்தால், அளந்து எழுதும் வழிகூடத் தனியாக வேண்டாம். நம்பிக்கையான ஓர் ஆலோசகரோடு சேர்ந்து தொடங்குங்கள்.

மற்றவர்கள் முடிவெடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். இன்றிலிருந்து ஆறு மாதம் கழித்து ஒரு சாதாரண நாளில், மதியம் என் தட்டில் என்ன இருக்கும், எவ்வளவு இருக்கும்? நீங்கள் யோசிக்கும் வழி இதற்குப் பதில் சொல்கிறதா என்று பாருங்கள். நான் செய்த இரண்டு டயட்டிலும் முப்பதாவது நாள் வரைக்கும்தான் பட்டியல் இருந்தது. இப்போது வாரம் ஒரு நாள், காலையில், எடை பார்க்கிறேன். இரண்டு கிலோ கூடியிருந்தால் அந்தப் பழைய கிண்ணத்தை அலமாரியிலிருந்து எடுத்து இரண்டு வாரம் அளந்து சாப்பிடுகிறேன். கண் மறுபடி பெரிதாக அளக்க ஆரம்பித்திருக்கும், அவ்வளவுதான்.